மெர்போக் விடுதியில் யார் தட்டு யார் கையில்

இளைஞர் விடுதி நடத்துறது உலகத்துலயே சுலபமான தொழில். வர்ற பிள்ளைங்க அவங்க வேலையை அவங்களே பார்த்துக்குவாங்க, வார்டன் கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும். இந்தக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் எனக்கு இன்னும் வந்தபாடில்ல.

என் பேரு பிலோமினா. மலேசியாவுல, கெடா மாநிலத்து மெர்போக்ல, ஜெராய் மலைக்குப் போற ரோட்டுல, கீழ சிமெண்டும் மேல பலகையுமா ஒரு பழைய வீடு. அதுல பதினாலு கட்டில், ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு ஏழு, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஏழு. முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துற பிள்ளைங்க வந்து தங்கும். மலை ஏறும், பூஜாங் பள்ளத்தாக்குல பழைய கோயில் கல்லைப் பார்க்கும், ஒண்ணோட ஒண்ணு உட்கார்ந்து பேசும். இதுக்கு முன்ன சுங்கை பட்டாணியில ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல இருபத்திரண்டு வருஷம் மேட்ரனா இருந்தேன். அங்க எல்லாத்துக்கும் பூட்டு, சீனி டின்னுக்குக்கூடப் பூட்டு. இங்க எதுக்கும் பூட்டு இல்ல. அதனால முழு வேலையும் என் வாய்க்குத்தான்.

வீட்டுக்கு வந்தவங்க சாப்பிட்டு எந்திரிச்ச உடனே அவங்க தட்டைப் புடுங்குறதுக்குன்னே வளர்த்து விடப்பட்ட கூட்டம் நாம. நீங்களும் அப்படித்தான், மறைக்காதீங்க. விருந்தாளி எச்சில் தட்டோட சிங்க் பக்கம் போனா நமக்கு மூக்கறுபட்ட மாதிரி இருக்கும். அந்த வியாதியோட ஒரு இளைஞர் விடுதியை நடத்திப் பாருங்க, அப்பத் தெரியும் என் கஷ்டம். பிள்ளைங்க இங்கிலீஷ்லயும் மலாய்லயும் சொன்னதை என் தமிழ்ல சொல்லப் போறேன். கண்ணு காது மூக்கு எதுவும் வைக்கல.

ஜப்பான்காரத் தம்பி

விடுதிச் சங்கத்துக்காரங்க சட்டத்தை ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்காங்க. தன் படுக்கையைத் தானே விரிக்கணும், தன் தட்டைத் தானே கழுவணும், ஆளுக்கொரு பொது வேலை செய்யணும். பங்களா வீட்டுப் பிள்ளையும் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளையும் இங்க ஒண்ணுன்னு பழகுறதுக்காம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மனப்பாடம் பண்ணிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ஜப்பான்காரத் தம்பி வந்தான். சாப்பிட்டு முடிச்சு, தட்டைத் தூக்கிக்கிட்டு சிங்க் பக்கம் போனான். என் கை என்னைக் கேட்காமப் போய்த் தட்டைப் பிடிச்சிருச்சு. அவன் குனிஞ்சு வணக்கம் சொன்னான், ஆனா தட்டை விடல. நானும் குனிஞ்சேன், நானும் விடல. ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குனிஞ்சுக்கிட்டே இழுத்ததுல மீன் கொழம்பு என் சட்டையில பாதி, அவன் சட்டையில பாதி. மூணு நாளும் இதே கூத்து, மூணு நாளும் நான்தான் ஜெயிச்சேன். போற அன்னைக்குப் பையை மாட்டிக்கிட்டு, ரொம்ப மரியாதையா, சுவத்தைக் காட்டிச் சொன்னான்: "ஆன்ட்டி, இந்த வீட்டுல சுவத்துல ஒரு சட்டம் இருக்கு, உங்க கையில ஒரு சட்டம் இருக்கு."

குருவி வீடு

வருஷத்துக்கு ஒரு தடவை சங்கத்துலருந்து ஆள் வந்து விடுதியைச் சோதனை போடுவாங்க. போன வருஷம் வந்தவரு எந்த நேரத்துல வந்தாருன்னு நினைக்கிறீங்க. பதினோரு பிள்ளைங்க காலை நீட்டிப் பந்து விளையாட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கு, நான் பதினோரு தட்டைப் பாடிக்கிட்டே கழுவிக்கிட்டு இருக்கேன். அவரு பாட்டை ரசிக்கல. ரெண்டு வாரத்துல கடுதாசி வந்துச்சு. மத்ததெல்லாம் பாஸ், 'தன் தட்டைத் தானே கழுவுகிறாரா' மட்டும் பெயில். அடுத்த வருஷமும் இதுலயே பெயிலானா வாசல்ல இருக்கிற சங்கத்துப் பலகையைக் கழட்டிடுவாங்களாம்.

வீட்டுக்குச் சொந்தக்காரரு அம்பலவாணர் ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்கத்துல எஞ்சினியரா இருந்து ஓய்வு பெற்றவரு, வயசு எண்பதுக்கு மேல. வாரம் ஒரு தடவை சுங்கை பட்டாணியிலருந்து தானே காடி ஓட்டிக்கிட்டு வந்து, எல்லாக் குழாயையும் திறந்து திறந்து மூடிட்டுப் போவாரு. கோலாலம்பூர்ல இருக்கிற அவரு மகனுக்கு இந்த வீட்டைக் குருவி வீடா மாத்தணும்னு ஆசை. நம்ம பக்கத்துல பார்த்திருப்பீங்களே, ஜன்னலையெல்லாம் அடைச்சு, ஸ்பீக்கர்ல கீச்சுக் கீச்சுன்னு சத்தம் போட்டு, குருவிங்களைக் கூப்பிட்டுக் கூடு கட்ட விடுவாங்க. கூட்டை எடுத்து சூப்புக்கு விப்பாங்க.

கடுதாசியைப் படிச்சிட்டு ஐயா கண்ணாடியைக் கழட்டினாரு. பலகை இருந்தா விடுதி, பலகை போனா குருவின்னு மகன்கிட்ட வாக்குக் குடுத்திட்டாராம். நான் இருக்கிறதே இந்த வீட்டுப் பின் ரூம்லதான். நான் எங்கயாவது தங்கச்சி வீட்டு ஹால்ல பாயை விரிச்சுக்குவேன், அது போகட்டும். பதினாலு கட்டில்ல மாறி மாறி எத்தனை ஊர்ப் பிள்ளைங்க படுத்துப் பேசிக்கிட்டு இருக்கு, அந்த ஜன்னலையெல்லாம் செங்கல் வச்சு அடைக்கிறதை என்னால பார்க்க முடியாதுன்னு அவருகிட்டயே சொன்னேன். ஐயா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு: "பிள்ளை, குருவியளோட இந்தத் தட்டுப் பிரச்சினை ஒண்டும் இல்லைக் கண்டியோ."

லூனாஸ் அம்மா

இந்த வருஷச் சோதனை புரட்டாசியில ஒரு சனிக்கிழமைன்னு தேதி குறிச்சாங்க. அந்த வாரம் ஜெராய் மலைப் பாதையில குப்பை பொறுக்குற தொண்டு வேலைக்கு நாலு பிள்ளைங்க எங்ககிட்டத் தங்கியிருந்தாங்க. அதுல ஒருத்தன் தினேஷ், லூனாஸ்காரன், பாலிடெக்னிக்ல படிக்கிறான். அவன் மட்டும் வரல, கூட அவங்க அம்மா சரோஜாவும் வந்தாங்க. காடியிலருந்து ஒரு தலகாணி, ஒரு போர்வை, ஒரு ரைஸ் குக்கர், ரெண்டு போத்தல் ஊறுகாய் இறங்குச்சு. கடைசியாத்தான் தினேஷ் இறங்குனான். நானும் லூனாஸ்ல பொறந்தவதான்னு சொன்னதும் அஞ்சு நிமிஷத்துல நான் பிலோக்கா ஆயிட்டேன்.

தினேஷ் கட்டிலுக்கு மேல் கட்டில்ல டென்மார்க்கிலருந்து வந்த யோனாஸ்னு ஒரு பையன். ஆறடி ரெண்டு அங்குலம், காலு ரெண்டும் கட்டிலுக்கு வெளிய தொங்குது. சரோஜாவுக்கு மூஞ்சி மாறிருச்சு. யாரு பெத்த பிள்ளையோ, என்ன பழக்கமோ, ஒரே ரூம்ல எப்படிக்கா விடுறதுன்னு என் காதுல கேட்டாங்க. அப்புறம் நேரா அவன்கிட்டயே போய், அப்பா என்ன வேலை, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, நீ இங்க இருக்கிறது உங்க அம்மாவுக்குத் தெரியுமான்னு போலீஸ் மாதிரி விசாரிச்சாங்க. அந்தப் பையன் கோவப்படல. போனை எடுத்து அவங்க அம்மாவுக்கே வீடியோ கால் போட்டுச் சரோஜா கையில குடுத்திட்டான்.

அங்க அந்தம்மா அப்பத்தான் காலையில காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கு. சரோஜா தமிழும் இங்கிலீஷும் கலந்து பேச, அது அவங்க பாஷையும் இங்கிலீஷும் கலந்து பேச, ரெண்டும் பத்து நிமிஷம் சளைக்காமப் பேசுச்சு. நடுவுல சரோஜா போனைக் கட்டிலுக்குக் கீழ நீட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்திக் காட்டுனாங்க. எந்திரிச்சு வந்தப்ப முகத்துல நிம்மதி. தலகாணியை மட்டும் விட்டுட்டு, மத்ததையெல்லாம் காடியில ஏத்திக்கிட்டே என்கிட்டச் சொன்னாங்க: "நல்ல குடும்பம்தான் பிலோக்கா, அந்தம்மாவும் முதல்ல கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னுதான் காட்டச் சொல்லுது."

ஏழு தட்டு

எங்க விடுதியில தோட்ட வேலை, ரிப்பேர் வேலை எல்லாம் பார்க்கிறவரு பாக் மான். மலாய்க்காரரு, ஆனா அவங்க அப்பா தோட்டத்து லாரி ஓட்டுனதால சின்ன வயசுலருந்து தமிழ்ப் பிள்ளைங்களோடயே வளர்ந்தவரு. நம்ம ஆளுங்களை விட நல்லாத் தமிழ்ல திட்டுவாரு. பலகை போனா அவருக்கும் வேலை போயிடும். அதனால அந்த வாரம் முழுக்க என் கையைக் கண்காணிக்கிறதுதான் தன்னோட வேலைன்னு அவரே எடுத்துக்கிட்டாரு.

முதல் நாள் நான் அடங்கல. மூணு வேளைக்கும் நாலு பேரு தட்டையும் புடுங்கிக் கழுவிட்டேன். லேனான்னு ஒரு ஜெர்மன்காரப் பொண்ணு, எதைப் பார்த்தாலும் நோட்டுல எழுதுற பொண்ணு, ஏன் ஆன்ட்டி எங்களைக் கழுவ விட மாட்டேங்கிறீங்கன்னு கேட்டா. நானும் பெரிய இவளாட்டம் விளக்கம் குடுத்தேன். எங்க வீட்டுல, நம்மகூடச் சாப்பிட்டவங்களைத் தட்டுக் கழுவ விட்டா அவங்களை நாம மதிக்கலன்னு அர்த்தம்மான்னு சொன்னேன். அதை எழுதிக்கிட்டா. போதாததுக்கு மத்த மூணு பேருக்கும் வாசிச்சுக் காட்டுனா. நான் அந்த நேரம் அதைப் பெருசா எடுத்துக்கல.

ரெண்டாம் நாள்லருந்து பாக் மான் சிங்க் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாரு. நான் கிட்டப் போனா இருமுவாரு. பிள்ளைங்க கழுவி வச்ச தட்டுல மஞ்சள் கறை அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், எனக்கு உள்ளங்கை அரிக்கும். அவரு டீ குடிக்கப் போற சமயம் பார்த்து, திருட்டுத்தனமா எடுத்துத் திரும்பக் கழுவி அதே இடத்துல வச்சிருவேன். யாருக்கும் தெரியாதுன்னுதான் நினைச்சேன். மூணாம் நாள் சாயங்காலம் கத்திரிக்கோலால வேலிச் செடியை வெட்டிக்கிட்டே, திரும்பிக்கூடப் பார்க்காமச் சொன்னாரு: "நேத்து ஒன்பது தட்டு, இன்னைக்கு ஏழு, நீ தேறிக்கிட்டு வர்ற பிலோ."

மஞ்சள் சட்டி

எங்க கிச்சன்ல சட்டி பானைக்கெல்லாம் காதுல கலர்க் கயிறு கட்டியிருக்கேன். பச்சைக் கயிறு இஸ்லாமியப் பிள்ளைங்க தைரியமாச் சாப்பிடுற சமையலுக்கு, மஞ்சள் கயிறு சைவத்துக்கு. வேற என்னத்தையாவது ஆக்கித் தின்னணும்னா சிவப்புக் கயிறு, அது கொல்லையில தனி அடுப்பு. வந்த முதல் நாள் இதைச் சொன்னா எல்லாப் பிள்ளைங்களும் சிரிக்கும். யோனாஸ் மட்டும் சிரிக்கல. கயிறு கயிறாத் தொட்டுப் பார்த்து, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படிச்சான்.

புரட்டாசி முடியிற வரைக்கும் தினேஷுக்குக் கவிச்சி கிடையாது, முட்டைகூடத் தொடக் கூடாதுன்னு சரோஜா அவன் முன்னாலயே என்கிட்டயும் யோனாஸ்கிட்டயும் சொல்லிட்டுப் போயிருந்தாங்க. மலையில அஞ்சு மணி நேரம் குப்பை பொறுக்கிட்டு வந்தா பசிக்காதா. புதன்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிட்டுத் திரும்புறேன், கிச்சன்ல முட்டை வாசம். தினேஷ் பச்சைக் கயிறு சட்டியில ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்திட்டான். யோனாஸ் அவனுக்கும் அடுப்புக்கும் நடுவுல கதவு மாதிரி நிக்கிறான். பசிக்குது லா, ரிலேக்ஸ் லான்னு தினேஷ் கெஞ்சுறான். டென்மார்க்காரன் அசையல. ஒரு கையால அடுப்பை அணைச்சான், இன்னொரு கையால போனை எடுத்தான்: "உனக்கு மஞ்சள் சட்டிதான் தினேஷ், இல்லன்னா உங்க அம்மாவுக்கு இப்பவே வீடியோ கால் போடுவேன்."

பாத்ரூம் பிஸ்கட்

நாலாவது பிள்ளை நூருல், பாலிங் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பொண்ணு, நர்ஸ் வேலைக்குப் படிக்கிறா. திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பா. அவளுக்குப் பக்கத்துக் கட்டில் லேனாவுக்கு. வியாழக்கிழமை மத்தியானம் ரொம்ப நேரமா பாத்ரூம் கதவு திறக்கல. உள்ளருந்து தண்ணிச் சத்தம் வரல, பிளாஸ்டிக் பேப்பர் கசங்குற சத்தம்தான் வருது. நூருலுக்குப் பயமாயிருச்சு, நர்ஸ் புத்தி. தட்டுறா, உடம்பு சரியில்லையான்னு கேக்குறா. கதவு திறந்தா லேனா வாயைச் சுத்தி பிஸ்கட்டுத் தூளோட நிக்கிறா. நோன்பு இருக்கிற பொண்ணு முன்னால தின்னா மரியாதை இல்லன்னு காலையிலருந்தே பாத்ரூமுக்குள்ள நின்னு தின்னிருக்கா. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமா ஒரு பக்கம். நூருல் சிரிக்கல. அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து மேசையில உட்கார வச்சா, பிஸ்கட்டைத் தட்டுல கொட்டுனா, எதிர்ல தானும் உட்கார்ந்துக்கிட்டா: "நோன்பு எனக்குத்தான், உன் பிஸ்கட்டுக்கு இல்ல, இங்க உட்கார்ந்து சாப்பிடு."

சனிக்கிழமை

கெடாவுல சனிக்கிழமை லீவுங்கிறதால சோதனைக்கு வந்த அம்மா பத்து மணிக்கே அலோர் ஸ்டாருலருந்து வந்துட்டாங்க. ரொஹானான்னு பேரு, மலாய்ல மேடம்னு சொல்ற மாதிரி புவான்னு கூப்பிடணும், நடுத்தர வயசு, அட்டையில செருகுன பாரம், அதான் கட்டம் போட்ட ஃபார்ம், காதுல ஒரு பேனா, கையில ஒரு பேனா. அம்பலவாணர் ஐயாவும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில வந்து உட்கார்ந்துட்டாரு. நான் முந்தின நாளே ஒரு தந்திரம் யோசிச்சு வச்சிருந்தேன். வாழை இலையில சாப்பாடு போட்டுட்டா கழுவுறதுக்குத் தட்டே இருக்காது பாருங்க. பாக் மான் எட்டு இலை வெட்டிக்கிட்டு வந்திருந்தாரு. ஐயா இலையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. உது களவு வேலை பிள்ளை, தட்டை எடுங்கோன்னுட்டாரு. இலையெல்லாம் கொல்லைக்குத் திரும்பிப் போச்சு.

புவான் படுக்கையைப் பார்த்தாங்க, சரி. தீயணைக்கிற சிலிண்டரைப் பார்த்தாங்க, சரி. சட்டிக் கயிறை யோனாஸ் பத்து நிமிஷம் விளக்குனான், சரிக்கு மேல ஒரு சரி. அப்புறம் சாப்பாடு. நான் பிள்ளைங்களை முன்கூட்டியே கூப்பிட்டுப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்: இன்னைக்கு அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் கழுவணும், இல்லன்னா இந்த வீடே போயிடும். நாலு பேரும் தலையை ஆட்டுனாங்க. புவானும் எங்களோட உட்கார்ந்து சாம்பார், கீரை, பாயசம் எல்லாம் சாப்பிட்டாங்க. எல்லாரும் முடிச்சாங்க. நான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துக்கிட்டு மாதாவை வேண்டிக்கிட்டு நின்னேன். கை என்னமோ அடங்கிருச்சு, முதல் தடவையா.

லேனா எந்திரிச்சா. எடுத்தது நூருல் தட்டை. நூருல் உடனே தினேஷ் தட்டை இழுத்தா. தினேஷ் புவான் தட்டுல கை வச்சான், குடுங்க புவான் குடுங்கன்னு கெஞ்சுறான், புவான் ஒரு கையில பேனாவும் ஒரு கையில தட்டுமா இழுக்குறாங்க. யோனாஸ் அம்பலவாணர் ஐயா தட்டையும் லேனா தட்டையும் ஒண்ணாத் தூக்கிட்டான். யோனாஸ் தட்டு தனியாக் கிடந்துச்சு, அதுக்கு நூருலும் தினேஷும் சண்டை. எனக்குத் தலை சுத்துச்சு. உன் தட்டு, உன் தட்டுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு லேனா காதுல சொன்னேன். அவ என்னையே பாவமாப் பார்த்து, நீங்கதானே சொன்னீங்க ஆன்ட்டி, புவானுக்கு முன்னால நூருலை நான் மதிக்காம இருக்க முடியுமான்னு கேட்டா.

அந்த நேரம் பார்த்து மகனைக் கூட்டிட்டுப் போக சரோஜா வந்து கிச்சன் வாசல்ல நிக்கிறாங்க. உள்ள தினேஷ், முழங்கை வரைக்கும் சோப்பு நுரை, யாரோ ஒரு புவானோட தட்டைத் தேய்ச்சு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கான். சரோஜா கைப்பையை அப்படியே கீழ வச்சிட்டாங்க. மகனை ஒண்ணும் கேக்கல. என் பக்கம் திரும்பித்தான் கேட்டாங்க: "தின்ன இடத்தை விட்டு எந்திரிக்காத பிள்ளை பிலோக்கா, இவனுக்கு என்ன மருந்து வச்சீங்க?"

கட்டம் இல்லாத பாரம்

அம்பலவாணர் ஐயா மட்டும் இன்னும் மேசையிலயே உட்கார்ந்திருந்தாரு. முன்னால தட்டு இல்ல. சாம்பார் காய்ஞ்ச கையை அப்படியே தூக்கி வச்சுக்கிட்டு, சிங்க்ல இவரு தட்டைத் தேய்க்கிற அந்த நெட்டைப் பையன் முதுகையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. முதல்ல அம்மா, அப்புறம் சம்சாரம், சம்சாரம் போனதுக்கு அப்புறம் வேலைக்கார அம்மா. அவரு தட்டை வேற யாரும் தொட்டதில்ல, அவருகூடத் தொட்டதில்ல. மெல்ல எந்திரிச்சாரு. நேராக் கொல்லைப் படிக்கட்டுக்குப் போனாரு. அங்கதான் பாக் மான் எப்பவும் தனியா உட்கார்ந்து சாப்பிடுவாரு. ஐயா குனிஞ்சு அவரு தட்டைப் பிடிச்சாரு.

பாக் மான் விடல. வேண்டாம் துவான், வேண்டாம் ஐயான்னு தட்டோட சேர்ந்து எந்திரிச்சு, பின்னாலயே கிச்சன் வரைக்கும் வந்துட்டாரு. ஐயா அவரை முறைச்சுக்கிட்டே சோப்புப் போத்தலைத் தலைகீழாக் கவுத்தாரு. பாதிப் போத்தல். நுரை சிங்க்லருந்து வழிஞ்சு, அவரு வெள்ளைச் சட்டையில வழிஞ்சு, தரைக்கு வந்துச்சு. பத்து நிமிஷம் தேய்ச்சாரு. தட்டு ஓரத்துல கீரை அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கை அரிக்கல.

புவான் பாரத்தைக் கையில எடுத்தாங்க. பேனா அந்த வரிக்கிட்டப் போகுது, திரும்பி வருது. பாரத்தைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாங்க. "அக்கா, 'அடுத்தவர் தட்டைக் கழுவுகிறாரா'ன்னு இதுல கட்டமே இல்லையே"ன்னாங்க. அப்புறம் என் தோளைத் தொட்டாங்க. பொய் எழுத முடியாது அக்கா, நான் எழுதுனா நாளைக்கு என்னைக் கேப்பாங்கன்னு சொல்லிட்டு 'இல்லை'ங்கிற கட்டத்துல கோடு போட்டாங்க. நேர்மையான பொம்பளை, அவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. பின் ரூமுக்குப் போய் அழுதேன். எந்தெந்தச் சாமானை மூட்டை கட்டணும், எதை நூருலுக்குக் குடுக்கணும்னுகூட யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.

அப்பத்தான் ஹால்ல ஐயா சத்தம். கையெல்லாம் நுரைங்கிறதால போனைக் காதுல வைக்க முடியாம, தினேஷ் அதை அவரு வாய்க்கு நேரா ஸ்பீக்கர்ல பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அந்தப் பக்கம் கோலாலம்பூர் மகன், சோதனை முடிஞ்சிச்சா, பலகை போச்சா, ஆளை அனுப்பி ஜன்னலை அடைக்கச் சொல்லட்டுமான்னு அடுக்கிக்கிட்டே போறாரு. பாக் மான் கிச்சன் வாசல்ல தட்டைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறாரு, அதைத் திரும்பக் கழுவ அவருக்கும் தைரியம் வரல. ஐயா மகனைப் பேசி முடிக்க விட்டாரு. பலகை போகத்தான் போகுதுன்னு ஒத்துக்கிட்டாரு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னாரு: "தம்பி, நான் இண்டைக்குத்தான் முதன்முதலா ஒரு தட்டுக் கழுவினனான், வடிவா வரேல்லை, அதைப் பழகி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டைக் குருவிக்குக் குடுக்க ஏலாது."

ஆக, சங்கத்துப் பலகை வாசலை விட்டுப் போயிடுச்சு, பதினாலு கட்டிலும் அப்படியே இருக்கு, தன் தட்டைத் தானே கழுவுற ஆளு மட்டும் இந்த விடுதியில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூடக் கிடையாது.